‘எல்விஸ் யாரு டீச்சர்?’

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்வழிப் பிரிவு உள்ள ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். வினாடி வினாவுக்குக் குறிப்பு சேர்த்தபோது லாசரஸ் டாக்ஸான், எல்விஸ் டாக்ஸான், ஜாம்பி டாக்ஸான் என்று மூன்று பெயர்கள் கண்ணில் பட்டன. லாசரு பைபிளில் வருகிறவர் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். ‘எல்விஸ் யாரு டீச்சர்?’ என்றதும்தான் திணறிப்போனேன். தேடிப் பார்த்தால், ‘செத்துவிட்டதாக நினைத்தது உயிரோடு இருப்பது’ என்று ஓரிடத்தில் விளக்கம் போட்டிருந்தார்கள். அப்படியானால் லாசரஸுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? 136 வருடம் கழித்துக் கிடைத்த தவளையை லாசரஸ் என்று எழுதுகிறார்களே, அது சரியா? எங்கள் பக்கத்து மாவேலித் தவளையும் இதில் சேருமா? இதையெல்லாம் ஒரு பீரியடில் புரியவைக்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்களைக் குழப்பியது அந்த ஒற்றை வரி விளக்கம்தான். அது எல்விஸுக்குப் பொருந்தாது, லாசரஸுக்கு உரியது. இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மூன்று பெயர்களும் தானாகப் பிரிந்து நிற்கும். (டாக்ஸான் என்றால் பெயரிடப்பட்ட ஓர் உயிரினக் குழு.)

எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்க ராக் பாடகர், 1977 ஆகஸ்ட் 16 அன்று காலமானார். அவர் சாகவே இல்லை, அந்தக் கடையில் பார்த்தேன், இந்த ஊரில் பார்த்தேன் என்று வதந்திகள் வருடக்கணக்கில் ஓடின. இன்னொரு பக்கம், அவரைப் போலவே முடி வைத்து, உடை போட்டு, குரலை மாற்றிப் பாடிப் பிழைக்கும் வேடக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பினார்கள். 1993-இல் டக்ளஸ் எர்வினும் மேரி ட்ரோசரும் ‘எல்விஸ் டாக்ஸான்’ என்று பெயர் வைத்தபோது அவர்கள் மனதில் இருந்தவர்கள் இந்த வேடக்காரர்கள். லாசரஸ் என்ற பைபிள் பெயருக்கு எதிர்ப்பாட்டாக, கொஞ்சம் நடப்புக் காலத்துப் பெயராக இருக்கட்டும் என்று கேலியாகவே அதை எழுதினார்கள். இணைய விளக்கத்தை எழுதியவர் வேடக்காரர்களை விட்டுவிட்டு வதந்தியைப் பிடித்துக்கொண்டார்.

லாசரஸ் என்ற பெயர் அதற்குப் பத்து வருடம் மூத்தது. கார்ல் ஃப்ளெஸ்ஸா, டேவிட் ஜப்லான்ஸ்கி இருவரும் 1983-இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தில் கல்லறையில் நாலு நாள் கிடந்து எழுந்து வந்த லாசருதான் அவர். (லூக்காவில் வரும் பிச்சைக்காரர் லாசரு வேறு ஆள். வினாடி வினாவில் பிள்ளைகள் இடறும் இடம் இது.) பாறை அடுக்குகளில் ஓர் உயிரினக் குழுவின் புதைபடிவங்கள் ஒரு மட்டத்தோடு நின்றுபோகும். பல லட்சம் வருடத்துக்குரிய அடுக்குகளில் ஒன்றுமே கிடைக்காது. பிறகு மேல் அடுக்கில் அதே குழு மறுபடி தலைகாட்டும். பேரழிவுகளை அடுத்து இது அடிக்கடி நடக்கிறது. சுமார் 25 கோடி வருடத்துக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது காணாமல் போன நத்தைப் பேரினங்களில் கணிசமானவை டிரையாசிக் காலத்தில் திரும்பத் தென்படுவது பாடநூல் உதாரணம்.

இந்தச் சிலேடை கொஞ்சம் நொண்டும். பைபிள் லாசரு உண்மையிலேயே செத்தவர். லாசரஸ் டாக்ஸான் ஒரு நாள்கூடச் சாகவில்லை. எண்ணிக்கை குறைந்து ஏதோ ஓர் ஒதுங்கிய இடத்தில் பிழைத்துக் கிடந்தது, அவ்வளவுதான். அந்த இடத்துப் பாறை கிடைக்கவில்லை, அல்லது ஓடுகள் பதிவாகும் தன்மை அந்தப் பாறைக்கு இல்லை. செத்ததும் எழுந்ததும் பார்ப்பவர் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் நடந்தவை.

எல்விஸ் கதை நேர் எதிர். முதல் குழு நிஜமாகவே அழிந்துவிட்டது. வேறு பரம்பரையில் வந்த ஒன்று, அதே மாதிரி வாழ்க்கைக்குப் பழகிப் பழகி, அதே உருவத்துக்கு வந்து நிற்கிறது. உங்கள் பாடத்தில் குவிபரிணாமம் என்று வருவதேதான்.

வேடக்காரரைப் பிடிப்பது எப்படி? பிராக்கியோபாட் என்ற, இரண்டு ஓடு கொண்ட கடல் விலங்குகளில் இந்தச் சிக்கல் நிறைய. ஓட்டை வெளியிலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரு கொட்டை மாதிரி இருக்கும், பத்து பேரினம் ஒன்றுபோல் தெரியும். உள்ளே உணவு வடிகட்டும் உறுப்பைத் தாங்கும் சுண்ணாம்பு வளையம் ஒன்று உண்டு, வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்க, படிவத்தை ஒரு முனையிலிருந்து மில்லிமீட்டரில் சிறு பங்கு வீதம் தேய்ப்பார்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் வெட்டுமுகத்தை லேசாக அமிலத்தில் நனைத்து, மெல்லிய அசிடேட் தாளில் படி எடுப்பார்கள். கடைசியில் படிவம் தூளாகிவிடும், தாள்கள்தான் மிஞ்சும். ஆகவே தொடங்கும் முன் வெளிவடிவத்தை வார்ப்பெடுத்து, எல்லாப் பக்கமும் படம் பிடித்து வைப்பது கட்டாயம். இப்போது மைக்ரோ சிடி ஸ்கேன் இருக்கிறதே என்று கேட்கலாம். ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சுண்ணாம்பும் ஓடும் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஸ்கேனில் இரண்டும் பிரிந்து தெரியாது. அப்போது பழையபடி தேய்க்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பறவை உதாரணம் தருகிறேன். இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ரா என்ற பவளத்தீவு. கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்து அங்கே குடியேறி, வேட்டை விலங்கு இல்லாததால் பறக்கும் ஆற்றலை இழந்தது. சுமார் 1,36,000 வருடத்துக்கு முன் தீவு கடலில் முழுகியதில் அது அழிந்தது. தீவு மேலெழுந்ததும் மடகாஸ்கரிலிருந்து மறுபடி பறந்து வந்த கூட்டம் மறுபடி பறக்காத பறவையானது. முழுகுவதற்கு முந்தைய எலும்பையும் பிந்தைய எலும்பையும் ஒப்பிட்டு 2019-இல் ஹியூம், மார்ட்டில் இருவரும் இதைக் காட்டினார்கள். இரண்டு முறையும் ஒரே தாய்க்கூட்டம் என்பதால் இதை எல்விஸ் என்று எழுதினால் மதிப்பெண் போடாதீர்கள், எல்விஸுக்குப் பங்காளி என்று சொல்லலாம். ஆனால் இடைப்பட்ட முழுகல் தெரியாமல் எலும்பை மட்டும் பார்த்திருந்தால் லாசரஸ் என்று தாராளமாக எழுதியிருப்போம்.

மூன்றாவது, ஜாம்பி. 1996-இல் டேவிட் ஆர்ச்சிபால்ட் வைத்த பெயர். என் கணக்கில் மூன்றிலும் கச்சிதமான பெயர் இதுதான், ஏனென்றால் இங்கே பிணம்தான் நடக்கிறது. டைனோசர் பல் ஒன்று தன் காலத்துப் பாறையில் புதைந்து கிடக்கும். பல லட்சம் வருடம் கழித்து ஆறு அந்தப் பாறையை அரித்து, பல்லை உருட்டிக்கொண்டு போய்ப் புதிய மணலில் சேர்க்கும். அந்த மணலும் பாறையாகும். தோண்டுகிறவர் கையில், டைனோசர் காலம் முடிந்த பிறகு உள்ள அடுக்கிலிருந்து ஒரு டைனோசர் பல்! அரியலூர் பக்கம் காரை என்ற ஊரின் ஓடைகளில் இன்றைக்கும் கண்ணெதிரே இது நடக்கிறது. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியக் காலத்து அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டுக் கடல் விலங்குகளின் படிவங்கள்) மழைக்கு அவிழ்ந்து, இன்றைய ஓடை மணலில் கிடக்கின்றன.

ஜாம்பியைப் பிடிக்க நாலு இடம் பார்க்க வேண்டும். விளிம்புகள் உருண்டு தேய்ந்திருக்கிறதா? படிவத்தின் குழிக்குள் இருக்கும் மண்ணும் சுற்றியுள்ள மண்ணும் ஒன்றா? (இது நான்கிலும் நம்பகமானது. சுத்தம் செய்கிறேன் என்று குழிமண்ணைத் தோண்டி எறிந்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.) கூடவே கிடைப்பவை எல்லாம் ஒரே பருமனில், தண்ணீர் சலித்ததுபோல் இருக்கின்றனவா? எலும்பில் ஏறியுள்ள அரிய மண் தனிமங்களின் விகிதம் பக்கத்து எலும்புகளோடு ஒத்துப்போகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆய்வகம் வேண்டும், முதல் மூன்றுக்கும் ஒரு கைலென்ஸ் போதும். பல் மட்டும் தனியாகக் கிடைத்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எனாமல் கடினம் என்பதால் உருண்டாலும் அதிகம் தேயாது, முதல் சோதனையில் தப்பித்துவிடும்.

இந்த வரிசையில் நாலாவதாக ஒன்றும் உண்டு: ‘டெட் கிளேட் வாக்கிங்’. லாசரஸ் பெயருக்குக் காரணமான அதே ஜப்லான்ஸ்கி 2002-இல் எழுதியது. பேரழிவில் தப்பிப் பிழைத்தும் பிறகு தலைதூக்க முடியாமல் சில காலத்தில் மறையும் குழுவைக் குறிக்கும். தூக்குக் கைதியை நடத்திக் கூட்டிப்போகும்போது அமெரிக்கச் சிறைகளில் சொல்லப்பட்ட ‘டெட் மேன் வாக்கிங்’ என்ற குரல்வாசகத்தில் ‘மேன்’ (மனிதன்) என்ற இடத்தில் ‘கிளேட்’ (ஒரே மூதாதை வழி வந்த குழு) என்று மாற்றிப் போட்டிருக்கிறார். வினாடி வினாவில் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தவளைகள். அந்த 136 வருடத் தவளையின் பெயர் ரார்கெஸ்டஸ் சலாசோடெஸ். 1876-இல் குந்தர் விவரித்தது. பிறகு யார் கண்ணிலும் படாமல் இருந்து, இந்தியாவின் தொலைந்த தவளைகளைத் தேடிய தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவின் முயற்சியில் மீண்டும் கிடைத்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. பறம்பிக்குளம் உங்களுக்குப் பக்கம்தானே, 1937-இல் நாராயண ராவ் விவரித்த ஆனைமலைப் புள்ளித் தவளை 73 வருடம் கழித்து அங்கேதான் கிடைத்தது. ஆந்திரப் பக்கம் கடப்பாவில் 1986-இல் திரும்பக் கண்ட ஜெர்டான் கோர்சர் என்ற பறவையும் இதே ரகம். 1900-க்குப் பிறகு அதைப் பார்த்த பதிவே இல்லாமல் இருந்தது.

இவற்றை லாசரஸ் என்று எழுதலாமா? பத்திரிகையில் எழுதுகிறார்கள், ‘லாசரஸ் சிற்றினம்’ என்ற வழக்கும் பரவிவிட்டது. ஆனால் பெயர் பிறந்தது புதைபடிவப் பதிவின் இடைவெளிக்காக. இங்கே இடைவெளி நம் தேடலில் இருக்கிறது. விடைத்தாளில் ‘விரிந்த பொருளில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதச் சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. சலாசோடெஸ் விஷயத்தில் இடைவெளிக்கு ஒரு நல்ல காரணமும் 2014-இல் தெரியவந்தது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் அது முட்டையிடுவது மலையாளத்தில் ‘ஈற்ற’ என்கிற மெல்லிய மூங்கிலின் உள்ளே. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் ஏற்கெனவே விழுந்திருக்கும் சின்னக் கீறல் வழியாகத் தவளை உடலை நெருக்கிக்கொண்டு நுழையும். உட்சுவரில் சில முட்டைகள் ஒட்டியிருக்கும், ஆண் தவளை கூடவே காவல் இருக்கும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, குட்டித் தவளையாகவே பொரித்து வெளியே வரும். ஓடையில் தலைப்பிரட்டையைத் தேடுகிறவருக்கு இது எந்தக் காலத்திலும் சிக்காது.

தவளைகளில் எல்விஸ் ஆபத்தும் அதிகம். ரார்கெஸ்டஸ் பேரினத்தில் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் சிற்றினங்கள் பல. பழைய பெயரைப் புதிய தவளைக்குச் சூட்டும் முன் முதலில் விவரித்தவர் வைத்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். நாராயண ராவின் மூல மாதிரிகள் பல தொலைந்துபோனதால், அவர் பெயரிட்ட தவளைகள் விஷயத்தில் எழுத்து விவரணையையும் அவர் குறித்த இடத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மாவேலித் தவளை லாசரஸில் சேராது. 2003-இல் பிஜுவும் ஃபிராங்கி போசூயிட்டும் இடுக்கியிலிருந்து நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்ட ஊதாத் தவளை அது. வருடம் முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்றுவிட்டு, கோடை மழையிலும் பருவமழைத் தொடக்கத்திலும் சில நாள் மட்டும் இணைசேர மேலே வரும். ஓணத்துக்கு வரும் மகாபலி மன்னனைப் போலப் பாதாளத்திலிருந்து வருடம் ஒருமுறை வருவதால் மாவேலி. ஊர்க்காரர்கள் வைத்த இந்தப் பெயர் எல்விஸைவிட நல்ல சிலேடை என்பேன், விளக்கம் சொல்லாமலே உங்கள் பிள்ளைகளுக்குப் புரியும். அது செத்ததாக யாரும் நினைக்கவே இல்லை. அதன் தலைப்பிரட்டையை 1918 வாக்கிலேயே அன்னண்டேலும் ராவும் எழுதியிருக்கிறார்கள். அதன் நெருங்கிய சொந்தம் இருப்பது செஷல்ஸ் தீவுகளில். இரு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி வருடத்துக்கு மேலிருக்கும் என்று மரபணுக் கணக்கு சொல்கிறது, நடுவில் ஒரு புதைபடிவம்கூட இல்லை. இப்படி இருந்தாக வேண்டும் என்று கணக்கில் மட்டும் தெரிகிற நீண்ட கிளைக்குப் ‘பேய்ப் பரம்பரை’ என்று தனிப் பெயர் உண்டு.

இன்னொரு பொதுவான தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்ஸான் என்றால் சிற்றினம் என்றே பலர் எழுதுகிறார்கள். எந்த மட்டத்தில் பெயர் பெற்ற குழுவும் டாக்ஸான்தான்: சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை. எந்த மட்டம் என்று சொல்லாமல் லாசரஸ் என்றால் தப்பாகப் போகும். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கடலில் பிடிபட்ட சீலகாந்த் மீனை ‘6.6 கோடி வருடம் மாறாத மீன்’ என்று எழுதுவார்கள். காணாமல் போய்த் திரும்பியது சீலகாந்த் என்ற வரிசை. பிடிபட்ட லாட்டிமீரியா என்ற பேரினம் அந்தப் பழைய பாறைகளில் இல்லை. லாவோஸில் உணவுச் சந்தையில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பாறை எலி 2005-இல் அறிவியல் பெயர் பெற்றது. 1.1 கோடி வருடத்துக்கு முன் அழிந்ததாக நினைத்த குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று மறு வருடம் தெரிந்தது. அங்கே லாசரஸ் ஆனது குடும்பம்.

ஒரு பீரியடில் நடத்த இதைச் செய்து பாருங்கள். கால் கிலோ வெள்ளைத் தட்டைப்பயறு, பத்துக் காகிதக் கப், தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனா, சிட்டிகை மஞ்சள் தூள், ஒரே ஒரு சிவப்பு வன்பயறு போதும். கப்புகளுக்கு 1 முதல் 10 வரை எண் போடுங்கள். 1 அடியிலுள்ள பழைய அடுக்கு, 10 மேலே உள்ளது. ஒவ்வொன்றிலும் 100 பயறு. அதில் 10-க்கு நீல மை, ஒன்றே ஒன்றுக்குச் செம்பழுப்பு மை. மை காய அரைமணி விடுங்கள், முந்தின நாளே பூசி வைப்பது உத்தமம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கப்பிலிருந்தும் 20 பயறு எடுத்து, எந்த நிறம் வந்தது என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் குறிக்க வேண்டும்.

நீலம் பெரும்பாலும் எல்லாக் கப்பிலும் வரும், ஏறக்குறைய பத்துக்கு ஒன்றில்தான் தவறும். சிவப்பு ஒவ்வொரு கப்பிலும் தப்பிக்க வாய்ப்பு 80 சதவீதம். பத்துக் கப்பில் சராசரியாக இரண்டில்தான் தென்படும். 3-இல் வந்து 8-இல் வந்தால் நடுவில் உள்ள நாலு கப்பும் லாசரஸ் இடைவெளி. கடைசி மூன்று கப்பிலும் வராமலே போக வாய்ப்பு பாதிக்கு மேல், அதாவது 0.8-ஐ மூன்று முறை பெருக்க 0.512. உயிரோடு இருக்கும்போதே அழிந்ததாகப் பதிவாகும் இந்தக் கோளாறுக்கு சைனர், லிப்ஸ் என்ற இருவர் பெயர் உண்டு, 1982-இல் எழுதினார்கள். பெரிய பயறையும் சின்னப் பயறையும் கலந்து செய்யாதீர்கள். குலுக்கும்போது பெரியவை மேலே வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் சுற்றில் 6 முதல் 10 வரை உள்ள சிவப்பை எடுத்துவிட்டு, 9-இல் வன்பயறைப் போடுங்கள். இந்தச் சுற்றுக்கு 20 எடுத்தால் அது பெரும்பாலும் தவறிவிடும், முழுக் கப்பையும் கொட்டித் தேடச் சொல்லுங்கள். ஈரத்துணியால் தேய்த்தால் பூசிய சிவப்பு துணியில் ஒட்டும், வன்பயறின் சிவப்பு ஒட்டாது. அதுதான் எல்விஸ். பர்மனென்ட் மார்க்கரால் பூசியிருந்தால் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது. ஜாம்பிக்கு, 2-ஆம் கப்பை மஞ்சள் தூள் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு நீலப் பயறை எடுத்து 8-இல் போடுங்கள். அதன் மேலுள்ள மஞ்சளைப் பார்த்து ‘இது இந்தக் கப்புது இல்லை டீச்சர்’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

பிள்ளைகள் பார்த்த தவளையைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டி வந்தால், கையில் பிடிக்காமல் மேலிருந்து, பக்கவாட்டில், கால்விரல் நுனி தெரியும்படி மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பக்கம் இலைக்கு அடியிலிருந்து கிடைத்தால் லாபம். கத்தும்போது போனில் ஒரு நிமிடக் குரல் பதிவு, தேதி, மணி, எந்தச் செடி, தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பவையும் வேண்டும். படங்களைவிடக் குரல்தான் இந்தத் தவளைகளைச் சீக்கிரம் பிரித்துக் காட்டும். இடத்தைச் சமூக வலைதளத்தில் போட வேண்டாம். சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தேடப் போகவும் கூடாது. உங்கள் ஊரிலிருந்து கேட்க எளிதான இடங்கள் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையம், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம், கோழிக்கோட்டில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் மேற்குத் தொடர்ச்சி மலை மண்டல மையம்.